இருவருக்கு மட்டும்

மடிப்பக்காவுக்குக் கடல் பிடிக்குமா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள், பாவம்! கடலோர அபார்ட்மென்ட்களின் படுக்கை விரிப்புகளைத்தான் அவளுக்குத் தெரியும். உதறினால் மணல் கொட்டும். அவளுக்கும் கடலுக்கும் அதுவரை இருந்த உறவு அவ்வளவுதான்.

அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்துக்கு ஊரின் பாதித் துணி வரும். ஒரு பக்கம் ஆஸ்பத்திரிப் போர்வைகள், இன்னொரு பக்கம் ஓட்டல் மேசை விரிப்புகள், கடலோரத்துத் துண்டுகள், விரிப்புகள். துவைத்துப் பிழிந்து வருகிற விரிப்பை ஒருத்தி சூட்டு உருளைக்குள் செலுத்துவாள். மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். புதிதாக வருகிறவள் முதல் வாரம் விரலைச் சுட்டுக்கொண்டு அழாமல் இருக்கமாட்டாள். நான்கு ஓரமும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த விரிப்பு இருக்கிறதே, அதை மடிக்கச் சொன்னால் பலசாலிகளே சுருட்டி மூலையில் வீசிவிட்டுப் போவார்கள். இவள் உள்ளங்கைகளை இரண்டு மூலைக்குள் விட்டு ஓர் உதறு உதறினால் கடையில் வாங்கின புதுத்துணி மாதிரி சதுரமாக நிற்கும். அதனால்தான் மடிப்பக்கா. சூட்டிலேயே கிடந்து விரல்நுனி ரேகையெல்லாம் தேய்ந்துபோய், வருகை பதிகிற இயந்திரம் அவளைக் கண்டால் மட்டும் சிவப்பு விளக்கைப் போடும். "நீ யாருன்னே தெரியலையாம்க்கா" என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போவாள்.

நெடுங்காலம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கூடத்தில் ஏதாவது கொடுப்பார்கள். முன்பெல்லாம் சுவர்க்கடிகாரம். பழைய முதலாளி போய் மகன் வந்ததும் கடிகாரம் போய்விட்டது. அவனுக்குக் கடலோர அபார்ட்மென்ட்காரர்களோடு நல்ல பழக்கம். கூட்டம் வராத மாதத்தில் சும்மா கிடக்கிற ஒரு மூன்றாம் மாடி வீட்டை இரண்டு ராத்திரிக்கு வாங்கி, பளபளவென்று ஓர் அட்டையில் அச்சடித்து மடிப்பக்காவின் கையில் கொடுத்தான். "இருவருக்கு" என்று அதில் எழுதியிருந்தது. அவள் அதைப் படித்தாள். பிறகு பேருந்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தாள். சந்தோஷத்தில் அதைப் பைக்குள் வைக்கவே மனசு வரவில்லை.

இவ்வளவு சந்தோஷப்பட அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த வண்டி ஏன் தாமதம் என்று பார்க்கிற வேலை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே வீட்டில் கொண்டுவந்து வைப்பார். கெட்டவராக இருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். இவர் நல்லவர். ஊருக்கெல்லாம் நல்லவர். அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு: காலி இருக்கையோடு வண்டி கிளம்பினால் தாங்காது. நேரம் ஆகிவிட்டாலும், தூரத்தில் ஓடிவருகிற யாரையாவது பார்த்துவிட்டால் ஊதப்போன விசிலைக் கீழே இறக்கிவிடுவார். "இடம் இருக்கும்போது ஒருத்தரை விட்டுட்டுப் போறது பாவம்" என்பார்.

அந்தக் கொள்கையை வீட்டிலும் வைத்திருந்ததுதான் வினை. கல்யாணமாகி மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, அவருடைய அக்கா புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு வந்தாள். "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்டா" என்றாள். அந்தக் குழந்தைக்கு இப்போது மீசை இருக்கிறது, செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை இருக்கிறது. அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. நாத்தனாரைக் குறை சொல்லவும் முடியாது. இடிந்துபோய் வந்தவள், எங்கே போவாள்? ஆனால் அவள் படுத்துக்கொண்டது கூடத்தில், இவர்கள் அறைவாசலுக்கு நேர் எதிரே. முதல் வாரம் மடிப்பக்கா அறைக்கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்: "ஏன்டா தம்பி, என்னைப் பார்த்தா திருடி மாதிரியா இருக்கு?" அன்றோடு சரி. அந்தக் கதவை யாரும் சாத்தவில்லை. ஒரு பெண் குழந்தை அதற்கு முன்பே பிறந்துவிட்டது நல்லதாய்ப் போயிற்று என்று சலவைக்கூடத்தில் ஒருத்தி கேலி பேசினாள். மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

படுக்கையில் பேசுகிற பேச்சு என்று ஒன்று உண்டே, புருஷன் பெண்டாட்டிக்குள்ளே! அது அவர்களுக்குள் அப்படியே நின்றுபோனது. "லைட்டை அணைக்கவா?" "ம்." "நாளைக்கு எத்தனை மணிக்கு?" "அதே மணிதான்." இதற்குமேல் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் கூடத்திலிருந்து, "என்னடா, என்ன விஷயம்?" என்று குரல் வரும். நல்லது கெட்டது எல்லாவற்றையும் தம்பியும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். மடிப்பக்கா அடுக்களையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததைக்கூட அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் பின்பக்கத்து அறை காலியானது. சின்ன அறைதான். ஆனால் ஜன்னல் இருந்தது. கதவைச் சாத்தினால் கேட்பாரில்லை. நாம் இரண்டு பேரும் அங்கே போய்விடலாம், நம் முன்னறைக் கட்டிலில் அண்ணி படுத்துக்கொள்ளட்டும் என்று மடிப்பக்கா மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது. "பிள்ளையும் மருமகளும் எங்க போகப் போறாங்க? அந்த ரூம் சும்மாதானே கிடக்கு" என்று நாத்தனார் கூடத்தில் ஆரம்பித்தாள். தம்பி தலையாட்டினார். இன்னும் பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் தலைபோனாலும் மாற்றமாட்டார். அதற்கு முன்னால் அவரிடம் பேசியாக வேண்டும். அந்த வீட்டில் எங்கே பேசுவது? மொட்டை மாடிக்குப் போனால் துணி எடுக்க அண்ணி வருவாள். அடுக்களைக்கு அவர் வரமாட்டார்.

இந்த நேரத்தில்தான் அந்த அட்டை வந்தது. அவளுக்குக் கடல் வேண்டாம், காற்று வேண்டாம், மூன்றாம் மாடி வேண்டாம். புருஷனை ஒரு நாள் தனியாக உட்காரவைத்து, "இனிமேலாவது நாம ரெண்டு பேரும் இருக்கலாம்ங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குத்தான் போனாள்.

"இந்த வயசுல என்ன, தேனிலவா?" என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு. "போய்ட்டு வாங்க. நான் ஒண்டியா கிடக்கேன். எனக்கென்ன, பழகிப்போச்சு." அதைக் கேட்டு டைம்கீப்பர் முகம் சுருங்கிப்போனது. வழியெல்லாம் அந்த முகத்தோடுதான் வந்தார்.

அபார்ட்மென்ட் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடி, லிஃப்ட். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், கண்ணாடிக் கதவைத் தள்ளினால் பால்கனி, எதிரே கடல். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: காலில் மணலோடு உள்ளே வர வேண்டாம், ஈரத் துணியைக் கம்பியில் தொங்கவிட வேண்டாம், சத்தம் வேண்டாம். மடிப்பக்கா முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? கட்டிலின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். விரிப்பில் அவர்கள் சலவைக்கூடத்துக் குறிதான். யாரோ அரைகுறையாக மடித்தது, நடுவில் கோடு கோணலாக விழுந்திருந்தது. விரிப்பை உருவி மறுபடி விரித்து இழுத்துவிட்ட பிறகுதான் அதில் உட்கார்ந்தாள். மெத்தை உள்ளே அமுங்கியது. இதில்தான் படுக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டாள்.

டைம்கீப்பர் குட்டி போட்ட பூனை மாதிரி அறை அறையாக நடந்தார். குழாய்களைத் திறந்து மூடிப் பார்த்தார். ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது; காவலாளியிடம் குறடு வாங்கிவந்து முடுக்கினார். காவலாளி குறடைத் திரும்ப வாங்க வந்தபோது அவனிடம், "இங்க எத்தனை பேர் படுக்கலாம்?" என்று கேட்டார்.

"ஆறு பேர் தாராளமா படுக்கலாம் சார். நீங்க ரெண்டே பேர்தான், ராஜா மாதிரி இருங்க."

ஆறு பேர் என்ற வார்த்தை அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டதை மடிப்பக்கா கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது?

சாயங்காலம் ஓர் அதிசயம் நடந்தது. "நீ உட்காரு, நான் டீ போடுறேன்" என்றார் அவர். ஜென்மத்தில் அடுப்பைப் பற்றவைக்காத மனுஷன்! சர்க்கரையை அள்ளிக் கொட்டி ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தார். பாகு மாதிரி இருந்தது. "எப்படி?" என்றார். "ஸ்பூனை நட்டு வெச்சா நிக்கும்" என்றாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்துவிட்டு அவள் பழக்கதோஷத்தில் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அந்த நிமிஷம் அவள் மனசு லேசாகிப்போனது. கல்யாணமான புதிதில்கூட அப்படி லேசாக இருந்ததில்லை. கடல் அதுபாட்டுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"வீட்டு விஷயம்."

அவர் கடலைப் பார்த்தபடி, "அக்கா இதைப் பார்த்தா எப்படி ரசிப்பா தெரியுமா?" என்றார். "சின்ன வயசுல கடல்னா உயிரை விடுவா."

மடிப்பக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் சொல்ல வந்தது..."

"நாளைக்குச் சொல்லேன். ரெண்டு நாள் இருக்கே, எங்க ஓடிடப் போகுது?"

அவளும் சரியென்று விட்டுவிட்டாள். நல்ல நேரத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அப்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ராத்திரி படுக்கப் போகும்போது அவள் எழுந்து அறைக்கதவைச் சாத்தினாள். அவர் எழுந்துபோய்த் திறந்துவிட்டு வந்து படுத்தார். "காத்து வரட்டும்" என்றார்.

காலையில் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மடிப்பக்கா ரொட்டியும் முட்டையும் வாங்கக் கீழே இறங்கினாள். கடை திறக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தாள். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தாள். "அண்ணி மேல எனக்குக் கோவம் இல்லைங்க" என்று ஆரம்பிக்கலாம். வேண்டாம், அண்ணி பேச்சையே எடுக்கக் கூடாது. "நீங்க போட்ட டீ நல்லா இருந்துச்சு, அது மாதிரி நம்ம வீட்லயும்..." இது நன்றாக இருந்தது. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. ரொட்டியோடு திரும்பி வந்து லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடியில் இறங்கினால், வாசலில் செருப்புகள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான். உள்ளே நாத்தனார் குரல் கணீரென்று கேட்டது: "அடேயப்பா, எவ்வளவு பெரிய கடல்!"

முந்தின நாள் மடிப்பக்கா குளித்துக்கொண்டிருந்தபோதே அவர் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். "ஒரு ரூம் அப்படியே காலியா கிடக்குது, வாயேன்க்கா. அவனையும் கூட்டிட்டு வா." அதோடு விடவில்லை. பெண் வீட்டார் அந்தக் கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருந்தார்கள். அவர்களையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! முந்தின நாள் முழுக்க இல்லாத களை. "இந்தா, உனக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. ரொட்டியைக் கொண்டுபோய் அடுக்களை மேடையில் வைத்தாள். "மீன் வாங்கணுமா, கோழி வாங்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். வாயில்லாப் பூச்சி என்று பேர் எடுத்தவள் வேறு என்ன கேட்பாள்? நாத்தனார் அதற்குள் கடலைப் பார்த்த அறையில் பையை வைத்துவிட்டு, மடிப்பக்கா இழுத்து இழுத்து விரித்த கட்டிலில் சாய்ந்துகொண்டாள். "அம்மாடி, இடுப்புக்கு என்ன சுகம்! நீங்க அந்தப் பக்கத்து ரூமுக்கு மாறிக்கோங்க."

சோறு கொதித்தது, மீன் பொரிந்தது. அடுக்களை ஜன்னலிலிருந்து கடல் தெரியவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள்தான் தெரிந்தன. மத்தியானம் பெண் வீட்டார் வந்தார்கள். அப்பா எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவர். அம்மா கெட்டிக்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது. பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். கூடத்தில் பேச்சு களைகட்டியபோது அவள் எழுந்து அடுக்களைக்கு வந்தாள்.

"நான் வெங்காயம் அரியட்டுமா அத்தை?"

"வேணாம்மா. புதுசா வந்தவ, உட்காரு."

கேட்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் அரிந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அத்தை, ஒண்ணு கேட்பேன், தப்பா நினைக்கக் கூடாது. உங்க வீட்டுல அந்த ரூமுக்குக் கதவு இருக்குல்ல?"

"இருக்கு."

"சாத்திக்கலாமா?"

மடிப்பக்கா மீனைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் கையில் தெறித்தது; அவளுக்கு அதெல்லாம் உறைக்காது. அந்தப் பெண் கேட்டதுதான் உறைத்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசு இருக்குமா? இவளுக்கும் நாத்தனார் வந்தபோது கிட்டத்தட்ட அந்த வயசுதான். தன்னிடம் யாரும் அப்போது உண்மையைச் சொல்லவில்லை.

"சாத்தலாம்" என்றாள். "முதல் வாரம் சாத்தலாம். அப்புறம் அதைத் தப்பா எடுத்துக்குவாங்க. அப்புறம் நீயே திறந்து வெச்சிடுவ. சண்டை எதுவும் இருக்காது. யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க. நீயும் யாரையும் சொல்லமாட்ட. உன் புருஷன்கிட்டகூட எதுவும் பேசமாட்ட."

பெண் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"வராதே. தனியா ஒரு வீடு பாருங்க. ஒரே ரூமா இருந்தாலும் சரி. இதை நீ இப்பவே சொல்லணும், நாளைக்குன்னு வெச்சா முடியாது."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே கிடந்தது, கட்டினவரிடம் வராமல் யாரோ ஒரு பெண்ணிடம் வந்துவிட்டது. பெண்ணுக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். அந்த அறை தனக்கு மிஞ்சும் என்று நினைக்காமல் இருப்பாளா? அவளும் மனுஷிதானே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூடத்தில் டைம்கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "இடத்தைப் பத்தி நீங்க கவலைப்படவே வேணாம். எங்க வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு. இது நான் குடுக்கிற வாக்கு." நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா கைகூப்பப் போனார்.

பெண் வந்து நின்றாள். "மன்னிச்சிக்கோங்க மாமா. எனக்குத் தனியா வீடு வேணும். சின்னதா இருந்தாலும் பரவாயில்லை."

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இது என்னடி புதுசா? வரும்போது இல்லாத பேச்சு? யாரு சொல்லிக் குடுத்தா?"

அந்தப் பெண் பொய் சொல்லப் பழகாதவள். "அத்தைதான் சொன்னாங்க" என்றாள்.

எல்லாத் தலைகளும் அடுக்களை வாசலுக்குத் திரும்பின. மடிப்பக்கா கையில் கரண்டியோடு நின்றாள். கிணறு வெட்டப்போய்ப் பூதம் கிளம்பியாயிற்று. டைம்கீப்பர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நம்பமுடியாத ஓர் ஆச்சரியம்தான் இருந்தது.

"நீயா சொன்ன?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று சொல்லியிருக்கலாம், எல்லோரும் நம்பியிருப்பார்கள். "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள்.

அப்புறம் நடந்ததை விஸ்தாரமாகச் சொல்வானேன். நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "வாழ வழியில்லாம வந்தவளை இத்தனை வருஷமா மனசுக்குள்ள வெச்சுக் கரிச்சுக்கொட்டியிருக்கியே!" என்றாள். அதில் பாதி உண்மை என்பதால் மடிப்பக்காவால் மறுக்க முடியவில்லை. பெண்ணின் அம்மா, "நாங்க கல்யாணம் வேணாம்னு சொல்லலை, இவ கேக்கிறதும் தப்பில்லை" என்று நிதானமாகச் சொன்னாள். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளைப் பையன், செல்போனை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, "எனக்கும் அதுதான் சரின்னு படுதும்மா" என்றான். பெற்றவளுக்கு அதுதான் பேரிடி. எழுந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டாள். ஒருவரும் சாப்பிடவில்லை. பொரித்த மீன் தட்டில் அப்படியே ஆறிப்போனது.

எல்லோரும் லிஃப்டுக்குப் போனபிறகு டைம்கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன். நாளைக்குச் சொல்லுன்னீங்க."

"நீ என்னமோ காய்கறி விலையைப் பத்திச் சொல்லப் போறன்னு நான் நினைச்சேன்." அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். "அக்காவை இந்த நிலைமைல தனியா அனுப்ப முடியாது. நீ நாளைக்குச் சாவியைக் குடுத்துட்டு வா."

போய்விட்டார். இருவருக்கு என்று கிடைத்த வீட்டில் ஒருத்தி மட்டும் மிச்சம்.

மடிப்பக்கா பாத்திரங்களைக் கழுவினாள். நாத்தனார் படுத்த விரிப்பைச் சரிசெய்தாள். செய்வதற்கு வேலை தீர்ந்துபோனதும் பால்கனியில் போய் உட்கார்ந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து பால்கனியில் ஒரு ஜோடி உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்பிள்ளை தோற்றதற்குப் புருஷனைக் கிள்ளினாள். மடிப்பக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொறாமைதான். இல்லை என்று யார் சொன்னது?

இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. அவர்தான்.

"வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டோம். அக்காவோட பிரஷர் மாத்திரை அங்க இருக்கா பாரு."

பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. "இருக்கு."

"நாளைக்கு வரும்போது மறக்காம எடுத்துட்டு வா. இன்னைக்கு ராத்திரிக்கு இங்க கடையில வாங்கிக்கிறேன்."

"வெச்சிடாதீங்க" என்றாள். "ஒரு நிமிஷம் கேளுங்க."

அவர் வைக்கவில்லை. அவள் பேசினாள். காலையில் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. வாய்க்கு வந்தபடி பேசினாள். கதவைச் சொன்னாள், கூடத்தைச் சொன்னாள், மகளின் மாப்பிள்ளையைப் பற்றி அடுக்களையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னாள். அண்ணி முன்னறையில் கட்டிலில் சௌகரியமாகப் படுக்கட்டும், நான் போகச் சொல்லவில்லை, அந்தப் பின்னறை மட்டும் நமக்கு என்று இருக்கட்டும் என்றாள். "எனக்குன்னு நான் எதுவுமே கேட்டதில்லைங்க. இதை மட்டும் கேக்கிறேன். இருக்கிற காலத்துல நாம ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா இருக்கலாம்ங்க."

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தாள். வைக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மெனக்கெட்டு, அவள் சொன்னதை மதித்து, உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு, தெரியாததைத் தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவர் கேட்பது போலக் கேட்டார்:

"தனியா இருந்து நாம ரெண்டு பேரும் என்ன பண்றது?"

கோபம் இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கேலி இருந்திருந்தால் அழுதிருப்பாள். இரண்டும் இல்லை. மடிப்பக்கா பதிலைத் தேடினாள். பேசலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். எதைப் பற்றி என்று அவர் கேட்டால்? சிரிக்கலாம், டீ குடிக்கலாம், சும்மா உட்காரலாம். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள், ஒன்றைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து பால்கனியில் சீட்டைக் கலைத்துப் போட்டார்கள். அவர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் கடைசியில்.

"சரி, அக்கா கூப்பிடுறா" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.